மஸ்கட்டிலிருந்து ஜபல் ஷம்ஸ்: ஒரு நாளில் எவ்வளவு பார்க்கலாம்?

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்கு வயது 61. என் மகளும் மருமகனும் ஓமானில், மஸ்கட் நகரில் வேலை செய்கிறார்கள். வரும் டிசம்பரில் நானும் என் கணவரும் அங்கே போய் இரண்டு வாரம் தங்கவிருக்கிறோம். ஒரு சனிக்கிழமை அதிகாலையில் மஸ்கட்டிலிருந்து கிளம்பினால் ஜபல் அக்தர், ஜபல் ஷம்ஸ் ஆகிய இரண்டு மலைகளையும் நிஸ்வாக் கோட்டையையும் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்பிவிடலாம் என்கிறார் மருமகன். அவரிடம் இருப்பது சாதாரண செடான் கார். என் கணவருக்கு வயது 66. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுக்கிறார். பாதித் தூரம் தாமே ஓட்டுவதாகச் சொல்கிறார். ஏழு வயதுப் பேரனும் உடன் வருவான். நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் புக்கிட் காசிங் குன்றில் நடப்பவர்கள். பத்துமலையின் 272 படிகளையும் ஏறிவிடுவேன். ஆனால் இறங்கும்போது கீழே பார்த்தால் எனக்குக் கால் நடுங்கும். ஜபல் ஷம்ஸில் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஒரு நடைபாதை இருக்கிறதாம். அதில் எங்களால் நடக்க முடியுமா? பாலைவன வெயிலும் மலை உயரமும் எங்களுக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

வெயிலைப் பற்றியும் உயரத்தைப் பற்றியும் கவலையோடு கேட்டிருக்கிறீர்கள். கார் ஓட்டுவதை மட்டும் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். நம் நாட்டுக் குடும்பங்களுக்கு வெளிநாட்டுப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்தக் கவலையைச் சற்று இடம் மாற்றி வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் ஜபல் ஷம்ஸில் வெயில் உங்களை வாட்டப் போவதில்லை. வாராவாரம் புக்கிட் காசிங்கில் ஏறி இறங்குபவர்களுக்கு அந்த நடைபாதையும் பெரிய சவால் அன்று. அந்த நாளைக் கெடுக்கக்கூடியது சாலைதான். அதிலும் குறிப்பாக, களைத்துப்போய்த் திரும்பி வரும் சாலை.

முதலில் மருமகனின் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மஸ்கட்டிலிருந்து நிஸ்வா ஏறத்தாழ 165 கிலோமீட்டர். நல்ல நெடுஞ்சாலை, இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம். அங்கிருந்து அல் ஹம்ரா என்னும் சிற்றூரைக் கடந்து, வாடி குல் பள்ளத்தாக்கின் வாயிலிலிருந்து மலையேறி, நடைபாதை தொடங்கும் அல் கித்தைம் கிராமத்தை அடைய இன்னும் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். போவதற்கே மூன்றரை மணி நேரத்துக்கு மேல், வருவதற்கும் அவ்வளவே. நடுவில் நடைக்கு நான்கு மணி நேரத்தையும் உணவுக்கும் ஓய்வுக்கும் ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கினால் பன்னிரண்டு மணி நேரம் முடிந்துவிடுகிறது. ஜபல் அக்தர் இதில் எங்கே நுழையும்? வரைபடத்தில் இரண்டு மலைகளும் அண்டை வீடுகளைப் போலத் தோன்றினாலும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல மறுபடியும் நிஸ்வாப் பக்கம் இறங்கித்தான் ஏற வேண்டும். மேலும், ஜபல் அக்தருக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில், பிர்கத் அல் மௌஸ் என்னும் ஊரருகே, காவல்துறையின் சோதனைச்சாவடி இருக்கிறது. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வாகனங்களை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மருமகனின் செடான் அந்த இடத்தைத் தாண்டாது. ரோஜா பூக்கும் ஏப்ரலில் ஜபல் அக்தருக்குத் தனியாக ஒரு பயணம் போவது பயனுள்ளது. டிசம்பரில் அதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

இனி, நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒன்று. கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணிவாக்கில்தான் இருட்டுகிறது. அந்தப் பழக்கத்தில், 'ஐந்து மணிக்குக் கீழே இறங்கினால் போதும்' என்று நம் மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடும். ஓமானில் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்குகளில் மலையின் நிழல் அதற்கும் முன்பே விழுந்துவிடும். ஓமான் நேரம் நம் நேரத்திற்கு நான்கு மணி பின்தங்கியது என்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். அங்கே மாலை ஏழு மணி என்றால் உங்கள் கணவரின் உடலுக்கு இரவு பதினொரு மணி. போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் இது நன்றாகவே தெரியும்: விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும், மாலை ஆறு மணிக்குக் கண் செருகும். ஆகவே அந்த வாரத்தில் அதிகாலையில் புறப்படுவது உங்களுக்கு மிக எளிது. இருட்டிய பிறகு மலையிலிருந்து இறங்குவதோ எவ்வகையிலும் தகாதது. நாளை எங்கே தொடங்குவது என்று யோசிப்பதற்குப் பதிலாக, இருட்டுவதற்கு முன் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வாருங்கள்.

அப்படிக் கணக்கிட்டால் ஓர் இரவு நிஸ்வாவில் தங்குவதே சரியாக வருகிறது. ஓமானில் வார இறுதி விடுமுறை வெள்ளியும் சனியும் ஆகும். வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு மஸ்கட்டிலிருந்து மருமகன் காரை எடுக்கட்டும். ஏழேகால் மணியளவில் நிஸ்வாவை அடைந்தால், வெள்ளி காலையில் மட்டும் கூடும் ஆட்டுச் சந்தையைப் பார்க்கலாம். வட்டமாக நிற்கும் கூட்டத்தின் நடுவே விற்பவர்கள் ஆடுகளையும் கன்றுகளையும் கயிற்றில் பிடித்துச் சுற்றி வர, வாங்குபவர்கள் கையை நீட்டி நிறுத்தி, பல்லையும் மடியையும் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். பேரனுக்குக் கோட்டையைவிட இதுதான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கோட்டையும் அருகிலேயே இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய அதன் பெரிய வட்டக் கோபுரத்தின் மேலேறினால் பேரீச்சந்தோப்புகளும் அவற்றின் பின்னால் ஹஜர் மலைத்தொடரும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் நண்பகல் தொழுகையை ஒட்டிக் கடைகள் அடைக்கப்பட்டுவிடும் என்பதால் மறுநாளைக்கு வேண்டிய தண்ணீர், பழம், ரொட்டி எல்லாவற்றையும் சந்தை முடிந்த கையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு சீக்கிரமே படுத்துவிடலாம். உங்கள் உடலும் அதைத்தான் கேட்கும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டு மணிக்கு மலைமேல் இருப்பீர்கள். எட்டரைக்கு நடையைத் தொடங்கி, பன்னிரண்டேகாலுக்குள் வாகனத்திற்குத் திரும்பி, சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். மூன்று மணிக்குள் நிஸ்வா, ஐந்து மணிக்குள் மஸ்கட். வெளிச்சம் இருக்கும்போதே வீடு போய்ச் சேரலாம். நடை தாமதமானால், நடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாகனத்தைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ஜபல் ஷம்ஸ் சாலையில் அக்தரில் உள்ளதைப் போன்ற சோதனைச்சாவடி கிடையாது. சிறிய கார்களும் ஏறிப் போவதைக் காண்பீர்கள். ஆனாலும் தார் முடிந்து சரளையும் மண்ணுமாகக் கிடக்கும் பகுதிகள் அந்தச் சாலையில் உண்டு. அங்கே நிலம் வரிவரியாக மடிந்திருப்பதால் வாகனம் முழுவதும் அதிரும். திடீரென்று பிரேக் பிடித்தால் சக்கரம் உருளாமல் சறுக்கும். வாடகை கார் ஒப்பந்தங்கள் பலவற்றில், தார் போடாத சாலையில் செடானுக்கு ஏற்படும் சேதத்தைக் காப்புறுதி ஏற்காது என்றும் எழுதியிருப்பார்கள். எனவே செடானை நிஸ்வாவில், தங்குமிடத்திலேயே நிறுத்திவிட்டு, அந்த ஒரு நாளைக்கு மட்டும் உள்ளூர் ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தங்கும் விடுதியிலேயே சொல்லி வைக்கலாம். செலவு கூடும்தான். ஆனால் ஐந்து பேர் போகிறீர்கள். மருமகனும் சன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கலாம். மாலையில் மஸ்கட்டுக்கு ஓட்ட வேண்டியவர் களைக்காமல் இருப்பார். எல்லாச் செலவிலும் இது ஒன்றைத்தான் நான் குறைக்க மாட்டேன்.

ஏதோ ஒரு காரணத்தால் மருமகனே மலையில் ஓட்ட நேர்ந்தால், அல் ஹம்ராவுக்கு மேலே பெட்ரோல் கிடைக்கும் என்று நம்பாமல் அங்கேயே நிரப்பிக்கொள்ளட்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வரக்கூடாது. நம் கெந்திங் மலையிலிருந்து இறங்கும் சாலையில் 'குனா கியர் ரெண்டா' (தாழ்ந்த கியரைப் பயன்படுத்துக) என்று பலகை வைத்திருப்பதன் காரணம் இங்கேயும் பொருந்தும். நீண்ட இறக்கத்தில் பிரேக் தொடர்ந்து உராய்ந்தால் சூடு ஏறி, அதன் எண்ணெய் கொதித்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காமல் போய்விடும். ஆட்டோ கியர் வண்டியானாலும் தாழ்ந்த கியருக்கு மாற்றி, வேகத்தை இயந்திரமே கட்டுப்படுத்தும்படி விட வேண்டும். வளைவுக்கு அப்பால் நடுச்சாலையில் ஆடுகளோ கழுதைகளோ நிற்கும். அவை எந்த ஹாரனுக்கும் அசைவதில்லை.

உங்கள் கணவர் ஓட்டுவதைப் பற்றி. ஓமானில் சாலையின் வலப்பக்கத்தில் ஓட்டுகிறார்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். நாற்பது ஆண்டு அனுபவம் இங்கே உதவுவதைவிட உபத்திரவம் செய்வதே அதிகம், ஏனெனில் கையும் காலும் யோசிக்காமல் பழகிவிட்டன. நம் புரோட்டோன், பெரோடுவா கார்களில் சிக்னல் நெம்பு வலக்கைப் பக்கம் இருக்கும். அங்குள்ள பெரும்பாலான கார்களில் இடக்கைப் பக்கம். ஐயா வளைவில் சிக்னல் போட நினைப்பார், வைப்பர் ஆடத் தொடங்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது வேறொன்று. காரின் வலப்பக்கம் உட்கார்ந்து பழகியவர் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது, தமக்கு வலப்புறம் வண்டி எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை மறந்து, தம்மை அறியாமலே வலப்பக்க ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போவார். நெடுஞ்சாலையில் அது ஓரக்கோட்டைத் தொடுவதோடு நின்றுவிடும். மலைச்சாலையில் அந்த ஓரத்தில் பள்ளம் இருக்கலாம். ஆகவே மலையில் அவர் ஓட்டவே கூடாது. அவருக்கு ஆசையிருந்தால், மஸ்கட்டில் கார் குறைவாக ஓடும் வெள்ளிக்கிழமை காலையொன்றில், மருமகன் பக்கத்தில் அமர, கடற்கரைச் சாலையில் சிறிது தூரம் ஓட்டிப் பழகட்டும். அதற்கும், புறப்படுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் அனைத்துலக வாகனமோட்டும் அனுமதியை எடுத்துக்கொண்டு போவது நல்லது; மருமகனின் காப்புறுதி வேறோர் ஓட்டுநரை அனுமதிக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைகளில் வேகக் கண்காணிப்புக் கேமராக்கள் மிகுதி.

இப்போது நீங்கள் ஆவலோடு கேட்ட நடைபாதைக்கு வருகிறேன். அல் கித்தைம் கிராமம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில், பள்ளத்தாக்கின் உதட்டிலேயே அமைந்திருக்கிறது. சில வீடுகள், கல்லால் அடைத்த ஆட்டுப்பட்டிகள், கறுப்பும் சிவப்புமாக ஆட்டுமயிரில் நெய்த விரிப்புகளையும் சாவிக்கொத்துப் பட்டைகளையும் பரப்பி விற்கும் பெண்களும் சிறுமிகளும், அவ்வளவுதான் ஊர். அங்கிருந்து பாதை செங்குத்துப் பாறைச்சுவரின் இடுப்பில் ஒரு திண்ணை போல ஓடி, மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் அஸ் ஸாப் என்னும் கைவிடப்பட்ட குடியிருப்பில் முடிகிறது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஆயிரம் மீட்டர் ஆழம். தடுப்புக் கம்பி எதுவும் இல்லை. பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் சிறு பட்டைகளாக வழிக்குறி தீட்டியிருப்பார்கள். அந்தக் குறி நீண்ட நேரம் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகக் குறி பார்த்த இடத்திற்கே திரும்பிப் போக வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் பாதை அகலமானது. இரண்டு பேர் அருகருகே நடக்கலாம். ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டிய இடங்களும் உண்டு. காலடியில் உருளும் சிறுகற்கள்தான் உண்மையான தொல்லை. ஆழத்தைக் கண்டு அஞ்சுபவர் விழுவது அரிது, ஏனெனில் அவர் பாறையோரமாகவே நடப்பார். படம் எடுப்பதற்காகக் கைப்பேசியைப் பார்த்தபடியே பின்னால் நகர்பவரைத்தான் நான் கண்காணிப்பேன். உங்களுக்குக் கால் நடுங்குவது படி இறங்கும்போது, நேர்கீழே பார்ப்பதால். இங்கே படிகள் இல்லை. பாதை மெல்லச் சரிந்து போகிறது. கண்ணை முன்னால் போகிறவரின் குதிகாலில் வைத்துக்கொண்டு, பாறைப் பக்கமாக நடந்து, வேடிக்கை பார்க்க வேண்டும் என்று தோன்றும்போது நின்று பாருங்கள். நடந்துகொண்டே பார்க்காதீர்கள். முதல் பத்து நிமிடங்களிலேயே உங்களால் முடியுமா முடியாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். வரும் வழியில், சாலையோரக் காட்சிமுனையிலிருந்தே பள்ளத்தாக்கின் முழு ஆழத்தையும் பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் பள்ளத்தாக்கின் பிரம்மாண்டம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது.

ஆனால் பாதைக்குள் சென்றால் கிடைப்பது வேறு. எதிர்ச்சுவரில் பாறை அடுக்கடுக்காகக் கிடப்பதை வரி வரியாகப் படிக்கலாம். பழங்காலக் கடலின் அடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல் அது. பின்னர் நிலம் நெருக்குண்டு கடற்படுகையே மலையாக எழுந்துவிட்டது. நம் பத்துமலையும் சுண்ணாம்புக்கல்தான். இங்கே மழை அதைக் கரைத்துக் குகையாக்கி, மேலே காட்டைப் போர்த்திவிட்டது. அங்கே போர்வை இல்லாததால் கல்லின் உடம்பு அப்படியே தெரிகிறது. ஓர் ஆசிரியை பேரனுக்குச் சொல்வதற்கு அங்கே நிறைய இருக்கிறது. பள்ளத்தாக்கில் கழுகுகள் உங்களுக்குக் கீழே பறக்கும். வெள்ளைச் சிறகில் கறுப்பு ஓரமும் மஞ்சள் முகமுமாக வருவது பாப்பாத்திக் கழுகு. நம் திருக்கழுக்குன்றத்துக்கு முன்பு வந்துகொண்டிருந்த கழுகும் அதே இனந்தான். அதன் முதுகை மேலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

அஸ் ஸாப் குடியிருப்பில் வீடுகளைத் தொங்கும் பாறையின் அடியிலேயே கட்டியிருக்கிறார்கள். பாறையே கூரையும் பின்சுவருமாக இருக்கிறது. முன்னால் கல் அடுக்கிய படிக்கட்டு வயல்கள், இப்போது தரிசாக. மேலேயிருந்து கசியும் நீரை நம்பி அந்த விளிம்பில் குடும்பங்கள் பயிர் செய்து வாழ்ந்திருக்கின்றன. சுவர்கள் வெறும் கல்லும் மண்ணும் என்பதால் பேரனை அவற்றின் மேல் ஏறவிடாதீர்கள். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். போகும்போது இறக்கமாக இருந்த பாதை திரும்பும்போது ஏற்றமாகிவிடும் என்பதால், ஐயாவின் மூச்சுக்கும் முழங்காலுக்கும் ஏற்ற வேகத்தில் எல்லோரும் நடக்க வேண்டும். மருமகனுக்குச் சிகரத்தின் மேல் ஆசை எழக்கூடும். ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தின் வடக்கு முனை இராணுவப் பகுதி. போகக்கூடிய தெற்கு முனைக்கு ஏறுவதற்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். குடும்பத்தோடு போகும் நாளில் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

பேரனைப் பற்றி நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் ஒரு கேள்வியை மட்டும் கேட்கிறேன். 'நில்' என்று சொன்னால் அந்தக் கணமே நிற்கிற பிள்ளையா? ஆம் என்றால், அவன் பாறைப் பக்கமாகவும், அவனுக்கு வெளிப்பக்கம் அப்பாவோ அம்மாவோ கையைப் பிடித்தபடியும், ஒடுங்கிய இடங்களில் முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகவும் முதல் ஒரு கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பலாம். இல்லை என்றால், கிராமத்தில் ஆடுகளோடு விளையாடிக்கொண்டிருக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளையை முழுத் தூரமும் அழைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இதனால் பெரியவர்களில் ஒருவர் அவனோடு தங்க நேரும். யார் என்பதை நிஸ்வாவிலேயே பேசி முடித்துவிடுங்கள். பாதை தொடங்கும் இடத்தில், அவன் அழத் தொடங்கிய பிறகு பேசினால் முடிவு சரியாக வராது.

வெயில், உயரம் இரண்டையும் இனிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயிரம் மீட்டர் உயரே போனால் காற்று சராசரியாக 6.5 பாகை குளிரும். மஸ்கட்டில் 25 பாகை இருக்கும் ஒரு டிசம்பர் பகலில், அல் கித்தைமில் 13 பாகை அளவில்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குக் காற்று வீசினால் பல் கிட்டும். கெந்திங்கிற்குக் கொண்டுபோகும் மெல்லிய ஸ்வெட்டர் போதாது. காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்று வேண்டும். பத்து மணிக்குமேல் அதைக் கழற்றிவிடுவீர்கள். குளிராக இருக்கிறது என்பதால் வெயில் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்: உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும், வெளிறிய பாறையும் அதைத் திருப்பி அடிக்கும், வழியில் நிழல் குறைவு. அகன்ற விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை மூன்றும் அவசியம். கிராமத்து வழக்கத்திற்கும் உடலை மறைக்கும் உடையே ஏற்றது. உயரத்தைப் பொறுத்தவரை, கெந்திங்கின் உச்சியே ஏறத்தாழ 1,800 மீட்டர். அங்கே நீங்கள் இருவரும் மூச்சுத் திணறாமல் நடமாடியிருந்தால் 1,900 மீட்டரில் புதிதாக எதுவும் நேராது. ஏற்றத்தில் மட்டும் சற்றுக் கூடுதலாக மூச்சு வாங்கும்.

நம்மவர்களை ஏமாற்றுவது அந்தக் காற்றின் வறட்சி. புக்கிட் காசிங்கில் அரை மணி நேரம் நடந்தாலே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்கப் பழகியிருக்கிறோம். அங்கே வியர்வை தோலில் நிற்பதற்கு முன்பே உலர்ந்துபோகும். சட்டை காய்ந்தே இருக்கும், தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். ஆனால் உடம்பிலிருந்து நீர் போய்க்கொண்டேதான் இருக்கும். எனவே கைக்கடிகாரத்தைப் பார்த்து, இருபது நிமிடத்திற்கு ஒருமுறை சில மடக்குக் குடியுங்கள். பெரியவர் ஒருவருக்கு மூன்று லிட்டர் என்று வாகனத்தில் வைத்துக்கொண்டு, அதில் பாதியையாவது முதுகுப்பையில் சுமந்து செல்லுங்கள். சிறிது உப்புள்ள கடலையோ உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடியோ உடன் இருக்கட்டும். ஐயா எடுக்கும் மாத்திரைகளில் நீர் பிரியச் செய்யும் மாத்திரை இருந்தால், வறண்ட மலையில் அரைநாள் நடக்கப் போவதை அவர் வழக்கமாகப் பார்க்கும் கிளினிக் மருத்துவரிடம் சொல்லி, அன்றைக்கு அதை எப்போது எடுப்பது என்று கேட்டு வர வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருக்கட்டும்.

காலணி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நம் மலைகளில் சேற்றுக்கு உகந்ததென்று பலரும் அணியும் கறுப்பு ரப்பர் காலணியை, 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாகச் சொல்வோமே, அதை அங்கே கொண்டுபோக வேண்டாம். அதன் மெல்லிய அடித்தோல் வழியாகச் சுண்ணாம்புக் கூர்கள் பாதத்தைப் பதம் பார்க்கும். அடிப்பாகம் தடித்த, பிடிப்புள்ள நடைக்காலணியை இங்கேயே வாங்கி, இரண்டு மூன்று ஞாயிறு காசிங்கில் போட்டு நடந்து பழக்கிக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓமானில் எப்போதாவதுதான் பெய்யும். பெய்தால் தண்ணீரைக் குடிக்க அங்கே மண் இல்லை, எல்லாம் பாறை. எங்கோ மேலே பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே, வறண்டு கிடந்த ஆற்றுப்படுகையில் சுவர்போல வந்து இறங்கும். அல் ஹம்ராவுக்கு மேலே சாலை அத்தகைய படுகையை ஒட்டித்தான் போகிறது. முன்னறிவிப்பில் மழை என்றால் பயணத்தை ஒத்திப்போடுங்கள். சாலையின் குறுக்கே நீர் ஓடினால் எவ்வளவு ஆழம் என்று பார்ப்பதற்காகக்கூட இறங்க வேண்டாம்; பெருக்கெடுத்த நீரில் வண்டியை விடுவது அங்கே சட்டப்படியும் குற்றம். அவசர உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 9999. மலையில் கைப்பேசித் தொடர்பு எல்லா இடங்களிலும் கிடைக்காது என்பதால், வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிவைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை நிஸ்வா விடுதியில் சொல்லிவிட்டுப் போங்கள்.

உணவுக்குப் புளிச்சோறே போதும்; விடுதியில் சமையல் வசதி இருந்தால் மகள் காலையிலேயே கட்டித் தந்துவிடுவார். ஆனால் அல் கித்தைமில் திறந்த வெளியில் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அந்த ஊர் ஆடுகள் கூச்சம் அறியாதவை. முதுகுப்பையின் வார்ப்பட்டையைக்கூட மென்று பார்க்கும். வாகனத்திற்குள் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள். வாகனத்திற்கும் விடுதிக்கும் நவம்பருக்குள்ளேயே மருமகனிடம் சொல்லி முன்பதிவு செய்துவிடுங்கள். மலைக்குப் போக மக்கள் விரும்பும் குளிர்காலம் என்பதால் டிசம்பர் வார இறுதிகளில் நிஸ்வாவில் கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது கடினம்.